மூச்சும் ஓர் அமானிதமே

உளூச் செய்யும்போது குதிகாலில் ஊசிமுனையளவு இடம் நனையாமல் விடுபட்டால் தொழுகை கூடுமா என்று நாம் கேட்கிறோம். நோன்பு வைத்திருக்கையில் தூசி தொண்டைக்குள் போய்விட்டால் நோன்பு முறியுமா என்று ஆலிம்களிடம் ஓடுகிறோம். கேட்க வேண்டியதுதான், மார்க்கத்தில் பேணுதல் என்பது அதுவே. ஆனால், நம்மிடம் கூலிக்கு வேலை செய்யும் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள், ஊசிமுனையைவிட நுண்ணிய நார் ஒன்று நம்முடைய கவனக்குறைவால் இறங்கிவிட்டால் அதற்குச் சட்டம் என்ன என்று நாம் யாரும் கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுதுபவனும் கேட்டதில்லை. கேளாமலே ஒரு காரியத்தைச் செய்து முடித்தவன் என்ற முறையில்தான் இதை எழுதத் துணிகிறேன்.

1997-ஆம் ஆண்டு. எங்கள் ஊர் மத்ரஸாவின் பழைய கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. பல இடங்களில் விரிசல் விட்டு, மழைக் காலத்தில் ஓதும் பிள்ளைகளின் பாய்கள் நனைந்து கிடந்தன. கூரையை இறக்கிவிட்டுக் காங்கிரீட் போடுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. செயலாளர் பொறுப்பில் நான் இருந்தேன். மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்த தொகை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தோம். பள்ளிவாசல் காசு, ஒவ்வொரு ரூபாயும் அமானிதம் என்று அன்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் இடம் சுத்தமாக வேண்டும் என்று அவசரப்படுத்தினோம். போல்ட்டுகளைக் கழற்ற நேரமில்லை. கூலியாட்கள் மேலேறிச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளினார்கள். கூடம் முழுவதும் மாவு தூவியதுபோல் வெண்புழுதி. மேஸ்திரி மட்டும், "மூக்குல துண்டைக் கட்டிக்கங்கப்பா" என்று ஒரு குரல் கொடுத்தார். லுஹர் பாங்கு சொன்னதும், தொழுகிறவர்கள் சட்டையைக் கழற்றித் தாழ்வாரத்தில் உதறிவிட்டு ஹவ்ளுக்குப் போனார்கள். அஸருக்குப் பிறகு ஓதும் பிள்ளைகள் இருபது பேரைத் துடைப்பத்தோடு இறக்கிவிட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட்டினார்கள். உடைந்த துண்டுகளைச் சமையற்கட்டின் பின்னாலிருந்த பள்ளத்தில் கொட்டி மண்ணை நிரவினோம். மாலையிலேயே எல்லோருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்தோம். வியர்வை உலருமுன் கூலி கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியுடன் அன்றிரவு உறங்கினேன்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் என் சகோதரி மகன் விடுமுறையில் வந்திருந்தான். பழைய கட்டடங்களில் இந்தத் தகடுகளை அகற்றும் இடத்தில் மேற்பார்வை செய்கிறவன். அந்த வேலையைத் தொடுமுன் தங்களுக்கு வகுப்பு நடத்துவார்கள் என்றும், எது கல்நார் என்று அடையாளம் காண்பதிலிருந்து ஆடையைக் கழற்றும் வரிசை வரைக்கும் சொல்லித் தருவார்கள் என்றும் விவரித்துக்கொண்டே வந்தவன், சற்று நிறுத்தி, "மாமா, நம்ம மத்ரஸாக் கூரையை இறக்குனப்ப நானும்தானே கூட்டினேன்?" என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை. ஞாபகம் சரிதானா என்று கேட்கிறவனைப் போலத்தான் கேட்டான். "ஆமாம் தம்பி" என்பதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று முதல் என் மனத்தில் சுழலும் வினா இதுதான்: அறியாமல் செய்தவன் குற்றவாளியா? இந்த வினா எனக்கு மட்டும் உரியதன்று. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிமார், காண்ட்ராக்டர்கள், வீடு கட்டுவோர், ஜமாஅத் நிர்வாகிகள் ஆகிய எல்லோருக்கும் உரியது.

கல்நார் என்பது யாது?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். கல்லாக இருந்தும் நாராகப் பிரிவதால் தமிழில் கல்நார் என்றார்கள். நெருப்பில் எரியாது, மலிவானது. எனவே கூரைத் தகடு, குழாய், கொதிகலன் போர்வை, வாகனங்களின் பிரேக் என்று எங்கும் புகுந்தது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்பன அதன் முக்கிய வகைகள். நம் நாட்டுக் கூரைத் தகடுகளில் இருப்பது வெள்ளைக் கல்நார். சிமெண்டுடன் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கலந்திருக்கும்.

நெருப்புக்கு அஞ்சாத அதே தன்மைதான் அதன் கேடும் ஆகும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கின்றன. மூச்சோடு உட்சென்ற நாரை நம் உடலால் கரைக்கவும் இயலாது, முழுவதும் வெளியேற்றவும் இயலாது. நுரையீரல் தடித்து இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லுறையில் தோன்றும் மீசோதிலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை இதன் விளைவுகள். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகிறது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. வேலைத்தலங்களில் இதைச் சுவாசித்ததால் ஆண்டுதோறும் உலகில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தவன் அன்றே விழுகிறான், எல்லோரும் பார்க்கிறார்கள். கல்நாரைச் சுவாசித்தவனோ பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில வேளை நாற்பது ஆண்டு கழித்து விழுகிறான். அப்போது அவனை வேலைக்கு வைத்தவர் யார், எந்த ஊர், எந்தக் கூரை என்பது யாருக்கும் நினைவிராது. சாட்சியில்லை, வழக்கில்லை. மனிதக் கண்ணுக்கு இது குற்றமாகவே தெரிவதில்லை. ஆனால் அணுவளவும் தப்பாத கணக்கு ஒன்று உண்டென்று நம்புகிறவர்கள் நாம்.

பயந்து நடுங்கவும் தேவையில்லை. உடையாத, சிதையாத தகட்டின் கீழ் வாழ்வதும், அதைச் சுத்தியலால் உடைத்துப் புழுதியில் நிற்பதும் ஒன்றல்ல. தகட்டைக் கலைப்பதே பெரும் அபாயம். ஆகவேதான் பொறுப்பு அங்கே குடியிருப்பவரைவிட, வேலை வாங்குகிறவரின் தலையில் அதிகமாக இறங்குகிறது.

அறிந்தோர் அடைத்த வாய்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையொன்றில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண்மணி 1924-ல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். சிறுமியாக இருக்கும்போதே ஆலைக்குள் போனவர். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் அதே ஆண்டு மருத்துவ ஏட்டில் எழுதினார். ஆலையோ பொறுப்பை ஏற்க மறுத்தது. பின்னர் அரசின் சார்பில் மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் ஆய்வு நடத்தி, 363 தொழிலாளரில் 95 பேருக்கு நுரையீரல் பாதிப்பு இருந்ததை 1930-ல் அறிக்கையாகத் தந்தனர். புழுதியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடுகளோடு, அபாயத்தைத் தொழிலாளருக்கு உணர்த்த வேண்டும் என்பதையும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது. 1931-ல் இங்கிலாந்தில் விதிகள் வகுக்கப்பட்டன.

ஆக, தொழிலாளிக்குச் சொல்லிக்கொடு என்ற அறிவுரை தோன்றி ஏறக்குறைய நூறாண்டுகள் ஆகின்றன. அது நடந்ததா? 1935-ல் அமெரிக்கக் கல்நார் நிறுவனத் தலைவர்களிடையே நடந்த கடிதப் போக்குவரத்து, 1970-களில் நீதிமன்றங்களின் மூலம் வெளிவந்தது. இப்பொருளைப் பற்றிப் பேச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமே அக்கடிதங்களில் மேலோங்கியிருந்தது. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மீசோதிலியோமா நோயாளிகள் 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுள் சுரங்கத்தில் வேலையே செய்யாத, அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். 1965-ல் லண்டனில் நடந்த ஆய்வு, கணவரின் வேலைத்துணியைத் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்ததைக் காட்டியது.

அன்பர்களே, இந்தக் கடைசிச் செய்தியில் சற்று நில்லுங்கள். அந்தப் பெண் ஆலைக்குப் போகவில்லை, கூலி வாங்கவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. கணவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைத்தாள், அவ்வளவே. ஒரு முதலாளி தன் தொழிலாளிக்குச் சொல்லாமல் விட்ட ஒரு சொல், அவன் வீட்டின் கொல்லைவரை நடந்து சென்று அவன் மனைவியைத் தீண்டிவிட்டது.

அறியாமை மன்னிப்பாகுமா?

இப்போது வினாவுக்கு வருவோம். அறியாமல் செய்த பிழைக்கு இறைவனிடம் மன்னிப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை, அதில் ஐயமில்லை. ஆனால் ஃபிக்ஹு நூல்கள் இரண்டு செய்திகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று பாவம், மற்றொன்று பொறுப்பு. கைதவறி ஒருவன் பிறர் பாத்திரத்தை உடைத்தால் அவன் பாவியல்லன். ஆயினும் பாத்திரத்தின் விலையை அவன்தான் கொடுக்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத்தும் கஃப்பாராவும் உண்டு. எண்ணம் தூய்மையாக இருந்தது என்பதால் மட்டும் இழந்தவனின் ஹக்கு அழிந்துபோவதில்லை.

இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. மருத்துவம் கற்றறியாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் ஒருவருக்குக் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிவழியில் வந்த தீர்ப்பு. இங்கே அவரது அறியாமை அவரைக் காப்பாற்றவில்லை. மாறாக, அறியாமையோடு அக்காரியத்தில் இறங்கியதே அவரது குற்றமாகிறது. அறியாதவன் அறியாதவனாகவே வீட்டிலிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அறியாமலே பிறர் உடலின்மீது அதிகாரம் எடுத்துக்கொண்டதால்தான் கேள்வி. கூரையை இறக்குவிக்கிறவரும் அப்படித்தான். அவர் பிறர் நுரையீரலின்மீது அதிகாரம் எடுத்துக்கொள்கிறார்.

ஒவ்வொருவரும் தம் நிலைக்கு வேண்டிய அறிவைத் தேடுவது பர்ளு என்று ஆலிம்கள் போதிக்கிறார்கள். வியாபாரி வட்டியின் சட்டத்தை அறியாமல் கடை திறக்கலாகாது; ஹஜ்ஜுக்குப் போகிறவர் அதன் முறைகளைக் கற்காமல் இஹ்ராம் கட்டலாகாது. அவ்வாறாயின், பத்து மனிதரைக் கூலிக்கு அமர்த்தும் காண்ட்ராக்டர், அந்த வேலையில் உயிரைப் பறிக்கும் பொருள் எது என்பதைக் கற்காமல் ஏணியைச் சாத்தலாமா?

நான் எனக்காகச் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்று இருந்தது: அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? ஆனால் தேடிப் பார்த்தபோது அந்தச் சமாதானமும் உடைந்தது. 1995 ஜனவரி 27 அன்று, எங்கள் கூரை இறங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டு உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. தொழிலாளியின் உடல்நலமும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. கல்நார்த் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையைவிட்டு நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அத்தீர்ப்பு தொழிற்சாலைகளைப் பற்றியதுதான்; மத்ரஸாக் கூரையைப் பற்றியதன்று. ஆயினும் செய்தி ஊருக்குள் இருந்தது. நான் தெரியாதவனல்லன், தெரிந்துகொள்ளாதவன். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் மறுமையில் கேட்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

"அவன் சம்மதித்துத்தானே வந்தான்?"

இப்படிக் கேட்போர் உண்டு. கூலி பேசி, மனமொப்பி வந்தவன். வேண்டாமென்றால் போயிருக்கலாமே என்பர். சம்மதம் என்பது எதற்கு? தெரிந்த ஒன்றுக்குத்தான். ஒரு மூட்டை தானியத்தின் அடியில் ஈரத்தை மறைத்து, மேலே உலர்ந்ததைப் பரப்பி விற்பது மோசடி என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். வாங்குகிறவன் பணத்தை எண்ணிக் கொடுத்தான் என்பதால் அந்த வியாபாரம் ஹலாலாகிவிடுமா? பொருளின் குறையை வெளிப்படுத்துவது விற்பவன் கடமை. அப்படியே வேலையின் குறையை வெளிப்படுத்துவது வேலை தருகிறவன் கடமை. அபாயத்தை மறைத்துப் பேசிய கூலி, ஈரத்தை மறைத்து விற்ற தானியத்துக்கு ஒப்பானதே.

சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமென்று வருகிற ஏழைத் தொழிலாளி, ஆபத்து என்று தெரிந்தும் வருவான். அவனது வறுமையை அவனது சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமன்று. ஆகவே பயிற்சியும் வேண்டும், பாதுகாப்புக் கருவியும் வேண்டும், இரண்டுக்கும் உரிய செலவை வேலை கொடுப்பவரே ஏற்கவும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது.

இன்னொரு சாராரோ, எல்லாம் தக்தீர், மவுத்து வரும் நாளில் வரும் என்பர். இதை அவர் தம் சொந்த நெஞ்சைப் பற்றிச் சொன்னாலும் பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கக் கற்றுத் தரப்பட்டிருக்கிறோம். பிறர் நெஞ்சைப் பற்றிச் சொல்வாராயின் அது தவக்குல் அன்று, அநீதி.

யார் பொறுப்பு?

பொதுவழியில் அனுமதியின்றிக் கிணறு வெட்டிப்போட்டவன், அதில் யாரேனும் விழுந்து இறந்தால் பொறுப்பாளி என்று சட்ட நூல்கள் பேசுகின்றன. அவன் யாரையும் தள்ளவில்லை. விழுந்தவனைப் பார்த்ததுகூட இல்லை. ஆயினும் காரணமாயிருந்தவன். நம் காலத்து வேலைகளில் இந்தக் காரணச் சங்கிலி நீண்டுபோய்விட்டது. கட்டட உரிமையாளர் காண்ட்ராக்டரிடம் விடுகிறார். அவர் உள்காண்ட்ராக்டரிடம் விடுகிறார். அவர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி எங்கிருந்தோ ஆள் பிடித்து வருகிறார். ஒவ்வொருவரும் பொறுப்பை அடுத்தவர் கையில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். கடைசியில் அது வந்து விழுவது, யாரிடமும் தள்ளிவிட முடியாத கூலியாளின் நெஞ்சில்.

இங்கிலாந்தின் 2012-ஆம் ஆண்டுக் கல்நார்க் கட்டுப்பாட்டு விதிகள் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பிடிக்கின்றன. குடியிருப்பு அல்லாத கட்டடத்தைப் பராமரிப்பவர், அதில் கல்நார் எங்கே இருக்கிறதென்று கண்டறிந்து பதிவுசெய்து, அங்கே வேலை செய்ய வருகிறவருக்கு அறிவிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் தம் ஆட்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் பயிற்சி தர வேண்டும். பயிற்சியும் மூவகை: எதிர்பாராமல் கல்நாரைக் கலைத்துவிடக்கூடிய எலெக்ட்ரீஷியன், பிளம்பர் போன்றோருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி, சிறிய அளவில் அதைக் கையாள்வோருக்கு அதற்குரிய பயிற்சி, உரிமம் பெற்றே செய்ய வேண்டிய பெரிய வேலைகளுக்கு முழுப் பயிற்சி. அந்நாடு நீல, பழுப்பு வகைகளை 1985-லும் வெள்ளையை 1999-லும் தடைசெய்துவிட்டது. தடைசெய்தும், பழைய கட்டடங்களுக்குள் இருப்பதற்காக இவ்வளவு விதி. சிங்கப்பூரிலும் 2014-ல் கல்நாருக்கெனத் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. என் சகோதரி மகன் வகுப்பில் உட்கார்ந்தது அதனால்தான். நம் நாட்டிலோ வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகிக் கூரையாகிக்கொண்டே இருக்கிறது.

மார்க்கம் சட்டத்துக்குப் பின்னால் நிற்பதன்று. அரசின் ஆய்வாளர் வராத இடத்திலும் முஃமினுக்கு ஆய்வாளன் இருக்கிறான்.

ஏட்டுப் பயிற்சி

சட்டம் கடுமையாக உள்ள இடங்களில் வேறொரு நோய் பிறக்கிறது. பயிற்சி அளித்ததாகப் பதிவேடு இருக்கும், பெயர் இருக்கும், கைநாட்டும் இருக்கும். பயிற்சி மட்டும் இருக்காது. அல்லது இருக்கும், தொழிலாளிக்குப் புரியாத மொழியில் இருக்கும். அரபு நாட்டுக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர், ஒரு சொல்லும் விளங்காமல் வகுப்பில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டு வந்திருக்கிறார்கள்! அந்த வேதனையை அறிந்த நாம், இன்று நம் ஊரில் வேலைக்கு வரும் ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளருக்குத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்கிறோம். புரியாதவனிடம் வாங்கிய கைநாட்டு, நமக்குச் சாதகமான சாட்சியன்று. நம்மீதே நாம் எழுதி வைத்த பொய்ச்சாட்சி.

பயிற்சி நடந்ததா என்பதற்கு அளவுகோல் பதிவேடு அன்று. தொழிலாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் கையால் செய்துகாட்ட வேண்டும். ஆபத்தென்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமையும், நிறுத்தினால் அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற உறுதியும் அவனுக்கு இருக்க வேண்டும்.

நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். முகத்தோடு இறுக ஒட்டும் வகை முகமூடி, தாடியின் மேல் அடைபடாது. இடைவெளி வழியே நார் உட்புகும். எனவே அத்தகைய முகமூடிக்கு மழித்த முகம் வேண்டும் என்கிறார்கள். தாடி வைத்த தொழிலாளியிடம், சுன்னத்தா நுரையீரலா என்று கேட்கும் நிலையை உண்டாக்குவது முறையன்று. அவ்வாறே, தாடியின்மேல் பொருந்தாத முகமூடியை மாட்டிவிட்டு விதிப்படி செய்துவிட்டோம் என்று ஏமாற்றிக்கொள்வதும் முறையன்று. தலையையும் முகத்தையும் மூடி, வடிகட்டிய காற்றை மோட்டாரால் உள்ளே செலுத்தும் தளர்வான கவசம் உண்டு. அதற்குத் தாடி தடையில்லை. விலை அதிகம்தான். அந்த விலை அவனுடைய தாடியின் விலையன்று, நம் பொறுப்பின் விலை.

செய்ய வேண்டியவை

உடையாத தகட்டை வீணாகக் கலைக்காதிருப்பது முதற்காரியம். அகற்றித்தான் ஆகவேண்டுமானால், அதில் பழக்கமும் பயிற்சியும் உள்ளவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தகட்டை நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி அல்லது வெட்டி, உடைக்காமல் முழுத் தகடாகக் கைமாற்றி இறக்க வேண்டும். மின் ரம்பத்தால் அறுப்பதும், மேலிருந்து எறிவதும் கூடவே கூடா. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டலாகாது. ஈரத்துணியால் துடைத்து அத்துணியையும் கழிவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மூக்கில் கட்டும் துண்டும் சாதாரணத் துணி முகமூடியும் இந்த நாரைத் தடுக்கா. நுண்துகளைத் தடுக்கும் தரமான முகமூடி வேண்டும். வேலை உடையை உதறக் கூடாது. நனைத்துக் கழற்றி, அங்கேயே விட்டு, உடலைக் கழுவிய பிறகே தொழுகைக்கும் வீட்டுக்கும் போக வேண்டும். கழிவைக் கனமான பிளாஸ்டிக் உறையில் இரட்டையாகச் சுற்றி, அபாயக் கழிவுக்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடலாகாது.

இவ்வளவுக்கும் செலவு கூடும். கூடட்டும். விலை கேட்கும்போதே, ஆட்களுக்கு என்ன பயிற்சி, என்ன கருவி என்று கேட்டு, அதற்கும் சேர்த்துத் தொகை போடச் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த விலை என்பது பல வேளைகளில் மிகுதித் தொகையை வேறொருவர் நுரையீரலிலிருந்து எடுத்துக்கொள்வதாகவே முடிகிறது. பள்ளிவாசல் காசை அமானிதம் என்று காத்த நாங்கள், பிள்ளைகளின் மூச்சை அமானிதமாக எண்ணவில்லை.

தவ்பாவின் எஞ்சிய பகுதி

இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள பிழை இஸ்திஃபாரால் நீங்கும். மனிதரின் ஹக்கோ, உரியவரிடம் சேர்ப்பித்தால் அல்லது அவர் பொறுத்தால் அன்றி நீங்காது. பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். உட்சென்ற நாரை எப்படி வெளியே எடுப்பது? யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்பதையும் நானறியேன். ஒருவேளை ஒருவருக்குமே வராமல் அல்லாஹ் காக்கலாம். அப்போதும் நான் செய்தது சரியென்று ஆகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் கல்லெறிந்தவன், அது யார்மீதும் படாததால் நல்லவனாகிவிடுவதில்லை.

திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தது. அன்று நான் கொடுக்கத் தவறியதே அது: தகவல். பழைய பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு, அன்று கூட்டிய பிள்ளைகளையும் கூலியாட்களையும் ஒவ்வொருவராகத் தேடினேன். சிலர் கிடைத்தார்கள், சிலர் எங்கே என்று தெரியவில்லை, மேஸ்திரி முன்பே இறந்துவிட்டார். கிடைத்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருநாள் புழுதிக்கு அபாயம் குறைவு, ஆனால் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றேன். மூச்சுத்திணறலோ நீங்காத இருமலோ வந்தால் கல்நார்ப் புழுதியில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லும்படியும், புகைபிடிப்பதை விட்டுவிடும்படியும் கேட்டுக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளும்படியும் வேண்டினேன்.

லாரி ஓட்டும் ஒருவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீங்க வேணும்னு செய்யலையே பாய்" என்றார். அது பொறுத்துக்கொண்டதா, என் முகத்தைப் பார்த்து இரங்கியதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சமையற்கட்டின் பின்னாலுள்ள பள்ளத்தை யாரும் தோண்டக்கூடாதென்று நிர்வாகக் குழுவின் பதிவேட்டில் எழுதி, அங்கே ஒரு பலகையும் நாட்டியிருக்கிறோம்.

சகோதரர்களே! உங்கள் வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ நாளை ஒரு தகட்டைக் கழற்ற ஆள் வரலாம். அவர் ஏணியில் ஏறுமுன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இது என்ன பொருள், இதில் என்ன கேடு, உமக்குச் சொல்லித் தந்தவர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலையைத் தள்ளிவையுங்கள். கூலியை வியர்வை உலருமுன் கொடுப்பது கடமை. அந்தக் கூலியைச் செலவிட அவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கச் செய்வது அதற்கு முந்திய கடமை.

நாம் அறிந்து செய்த பிழைகளையும், அறிந்துகொள்ளாமல் செய்த பிழைகளையும் வல்ல நாயன் பொறுத்தருள்வானாக! நம்மால் தீங்குற்றோருக்கு அவன் சுகத்தை அளிப்பானாக! நம் பொறுப்பில் வந்த மூச்சுகளைக் காக்கும் விழிப்பை நமக்குத் தருவானாக! ஆமீன்.